கம் பிரிண்டுக்கு மூன்று ட்யூப்: வின்சர் அண்ட் நியூட்டன் வாட்டர்கலர்

கம் பைக்ரோமேட் என்பது அரபிக் பிசின், நிறமி, டைக்ரோமேட் உப்பு மூன்றையும் கலந்து காகிதத்தில் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயில் காட்டிக் கழுவும் புகைப்பட முறை. வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்கும், மற்றது கரைந்துபோகும். இதில் நிறத்துக்கு ஒரு நெகட்டிவாக மூன்று அடுக்கு ஏற்றி முழு வண்ணப் பிரிண்ட் போட, வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் புரொஃபஷனல் வரிசையில் மூன்று ட்யூப் போதும்: வின்சர் ப்ளூ (க்ரீன் ஷேட்), பெர்மனன்ட் ரோஸ், வின்சர் யெல்லோ. மூன்றிலும் ஒரே ஒரு நிறமிதான் இருக்கிறது. பல நிறமி கலந்த ட்யூப்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசினால் நிழல் பகுதி சேறாகிவிடும். மாணவர்களுக்கான காட்மன் வரிசை விலை குறைவு, நிறமியும் குறைவு. நிறம் ஏற அதிகம் பிழிய வேண்டும், பூச்சு தடித்துவிடும். வெளிச்சம் மேலிருந்து கீழாகத்தான் இறுக்கும் என்பதால் தடித்த பூச்சின் அடி இளகியே கிடக்கும். கழுவும்போது படம் செதில் செதிலாக உரிவது இதனால்தான்.

14 போமே (கரைசலின் அடர்த்தி அளவு) அரபிக் பிசின் கரைசல் 5 மி.லி., 10 சதவீத பொட்டாசியம் டைக்ரோமேட் 5 மி.லி. இதற்கு, ஒரு அடுக்குக்கு ஒரு நிறம் மட்டும் சேர்த்து, மஞ்சள் 0.8 கிராம், ரோஸ் 0.6 கிராம், நீலம் 0.25 கிராம் என்று தொடங்கலாம். நீலத்தில் கை தாராளம் காட்டக் கூடாது. அது தாலோ எனும் வீரியமான செயற்கை நிறமி. காகித நாரைப் பிடித்தால் விடாது.

கறை பிடிக்குமா என்று பார்க்க, டைக்ரோமேட் சேர்த்த கலவையையே ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, இருட்டில் உலர்த்தி, வெயில் காட்டாமல் தண்ணீரில் குப்புற மிதக்க விடுங்கள். அரை மணியில் காகிதம் வெள்ளையாகத் திரும்ப வேண்டும். நீலச் சாயல் நின்றால் நிறமியைக் குறையுங்கள், அல்லது ஜெலட்டின் சைஸிங்கை (நிறமி நாருக்குள் இறங்காமலிருக்கக் காகிதத்தில் முன்கூட்டியே பூசும் ஜெலட்டின்) இன்னொரு பூச்சு ஏற்றுங்கள். டைக்ரோமேட் இல்லாமல் இதைச் சோதிக்கும் பழைய வழக்கம் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

சைஸிங்குக்கு முன்பே காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து உலர்த்திச் சுருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நெகட்டிவ் பொருந்தாது. வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானலாகப் பிரித்துத்தான் நெகட்டிவ் எடுப்போம். அதில் சிவப்புச் சானல் நெகட்டிவுக்கு நீலம், பச்சைக்கு ரோஸ், நீலச் சானலுக்கு மஞ்சள். இங்கே குழம்பாதவர் குறைவு. காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் பூசிய தாளை மறுநாளைக்கு வைக்காதீர்கள், இருட்டிலேயே இறுகிவிடும். டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. கையுறை கட்டாயம், கழிவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

நீல அடுக்கைச் சயனோடைப்பில் (இரும்பு உப்பால் நீலப் படம் தரும் வேறொரு பிரிண்ட் முறை) போடுபவர்களுக்கு நீல ட்யூபே வேண்டாம். மற்றவர்களுக்கு நீலம் 5 மி.லி. ட்யூப் நெடுநாள் வரும். மஞ்சளை மட்டும் 14 மி.லி.யாக வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான்.