எப்பாவலயில் ஒரு நீர்த்தர மீற்றர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கையடக்க நீர்த்தர மீற்றரின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கொழும்பில் சிறிய ஆய்வுகூடம் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார். பி.எச். (அமில, கார அளவு), கடத்துதிறன் (நீர் மின்னைக் கடத்தும் அளவு; கரைந்த உப்பு கூடினால் இதுவும் கூடும்), கரைந்த ஒட்சிசன், வெப்பநிலை ஆகியவற்றை ஒரே உணர்முனையால் அளக்கும் கருவி என்பது அவருக்குத் தெரியும் என்பதால் விபரக்குறிப்பைத் திரும்ப எழுதவில்லை. பி.எச். அளக்கும் மின்வாயை மாற்றிய கையோடு எழுதுவதால் கோபம் சற்றுத் தூக்கலாகத் தெரியலாம்.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நான் இதை அதிகம் பயன்படுத்துவது அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலயில். பொஸ்பேட் சுரங்கம் ஒரு பக்கம், கலா வாவியிலிருந்து திசா வாவிக்கு நீர் கொண்டுசெல்லும் ஜய கங்கையும் வயல்களும் மறுபக்கம். அங்கு திட்டமிடப்பட்ட பெரிய அகழ்வுக்கு எதிராக ஊர்மக்கள் தொடுத்த வழக்கில் 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அறிந்தவர்கள், அவ்வூரின் நீர் பற்றிய எந்த எண்ணையும் அலட்சியமாக எழுதமாட்டார்கள். எப்பாவலப் பாறைப் பொஸ்பேட் நீரில் எளிதில் கரையாது. அதனாலேயே அது தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குப் போகிறது, நெல்லுக்கு உதவுவதில்லை. ஆகவே சுரங்கத்தின் அடையாளத்தைக் கலங்கலிலும் துணிக்கைகளிலுமே முதலில் தேட வேண்டும். வயலுக்குப் பசளை இட்டபின் கழிவு வாய்க்காலில் வரும் நீரோ பார்வைக்குத் தெளிவாக இருந்தும் கரைந்த உப்புகளைச் சுமந்து வரும். இந்த மீற்றர் பொஸ்பேட்டை அளக்காது. அதற்கு மாதிரியை அங்கேயே வடிகட்டிக் குளிரூட்டிக் கொழும்புக்குக் கொண்டுவரத்தான் வேண்டும். ஆனால் எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்பதைக் கடத்துதிறன் சொல்லிவிடுகிறது.

அந்தக் கடத்துதிறன் உணரியைப் பற்றி ஒரு குறையும் கூற முடியாது. 1413 மைக்ரோசீமென்ஸ் (கடத்துதிறனின் அலகு) எனக் குறித்த நியமக் கரைசலில் எப்போது வைத்தாலும் நம்பத்தக்க வாசிப்பையே தருகிறது. 25 பாகைக்குத் திருத்திக் காட்டுவதால் காலை நீரையும், நடுப்பகலில் சுடும் வயல் நீரையும் தயக்கமின்றி ஒப்பிடலாம். நான் எதிர்பாராத பயன் வேறொன்று. துருசு (மதகு) எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஓட்டம் மாறும் இடத்தில், ஓட்டத்தை அளக்காமல் செறிவை மட்டும் எழுதினால் எவ்வளவு பொருள் போகிறது என்பது தெரியாது. கணுக்கால் அளவு நீரும் புல்லும் உள்ள கழிவு வாய்க்காலில் சுழலி வைத்த ஓட்டமானி சிக்கிக்கொள்ளும். அங்கே அரைக் கிலோ சமையல் உப்பை வாளியில் கரைத்து நீர் வரும் பக்கத்தில் ஊற்றிவிட்டு, கீழே நன்றாகக் கலந்துவரும் தூரத்தில் மீற்றரை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை பதிய விட்டால், ஏறி இறங்கும் வளைகோட்டின் பரப்பிலிருந்து ஓட்டத்தைக் கணித்துவிடலாம். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் உப்புக்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரோசீமென்ஸ் கூடும். செக்கனுக்குப் பத்து லீற்றர் ஓடும் வாய்க்காலுக்கு அந்த உப்பு தாராளம். சரிவு மிகக் குறைந்த ஜய கங்கையில் இது சரிவராது. நீர் போதிய அளவு கலப்பதில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். பி.எச். மின்வாய் காயக்கூடாது என்பதற்காக உணர்முனையின் மூடிக்குள் செறிந்த பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் விடப்படுகிறது. அதே மூடிக்குள்தான் கடத்துதிறன் உணரியும் இருக்கிறது. அரை லீற்றர் நீரில் அந்தக் கரைசலின் ஒரு துளி விழுந்தாலே கடத்துதிறன் நாற்பது மைக்ரோசீமென்ஸுக்கு மேல் ஏறும். இரு வாய்க்கால்களுக்கிடையே நான் தேடும் வேறுபாடு சில வேளைகளில் அதனினும் குறைவு. உணரியின் பக்கத் துளைகளில் ஒட்டிய கரைசல் ஒருமுறை கழுவினால் போகாது. முதல் இடத்துக்குப் போகும் முன் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலச வேண்டும், வாசிப்பு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், மாலையில் மீண்டும் கரைசல் நிரப்ப வேண்டும். மூடியின் இறப்பர் வளையமோ நெடும்பயணத்தில் கசியும். பெட்டியைத் திறந்தால் கேபிள் முனையெங்கும் வெள்ளைப் படிகம், மின்வாயின் கண்ணாடிக் குமிழ் உலர்ந்து கிடக்கும். நுட்பமாக உப்பை அளக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு ஓர் உப்புக்கரைசலைக் கசியாமல் மூடத் தெரியவில்லை.

மாற்று மின்வாய்க்கு இங்குள்ள முகவர் கேட்ட தொகையைச் சொல்லாமல் விடுகிறேன். அதன் உற்பத்தித் திகதி ஒரு வருடத்துக்கும் முந்தையது. அலுமாரியில் இருந்தாலும் முதுமை அடையும் பொருள் அது என்று கூறினேன். உத்தரவாதம் விற்ற நாளிலிருந்து தொடங்குகிறது என்று பதில் வந்தது. முறைப்படி பார்த்தால் அது பிழையான பதில் அல்ல.

கடத்துதிறன் உணரியை இத்தனை புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில், விலை குறைந்தாலும் இதை வாங்க வேண்டாம் என்பதே. கடத்துதிறனுக்கு ஒன்று, பி.எச்.க்கு மலிவான வேறொன்று எனத் தனித்தனியே வாங்குவது நல்லது. இல்லை, இதுதான் வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பெட்டியைத் திறந்து மின்வாயின் திகதியைப் பார்க்கட்டும், இறப்பர் வளையங்கள் நாலைந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கட்டும்.