அமினோ டப்பாவா, வெயிட் கஃப்பா?

வயது 70-ஐத் தாண்டியவர் கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை என்றதும் வீட்டில் இரண்டு யோசனை கிளம்பும். ஒன்று, மருந்துக்கடையில் டப்பாவில் வரும் அமினோ அமிலப் பவுடர், அதாவது தசைப் புரதத்தின் மூலப்பொருள். மற்றது, சர்ஜிக்கல் கடையில் கணுக்காலில் கட்டும் வெயிட் கஃப் ஒரு ஜோடி. வீட்டுப் பெரியவர்களுக்கு நான் தேர்ந்தது கஃப்பை. செலவுக் கணக்கு தெரிந்ததுதான்: கஃப் ஒரு தடவை, டப்பா மாதாமாதம். கலக்கிக் குடிக்க இரண்டு நிமிடம், பயிற்சிக்கு அரை மணி.

பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகள் 100 பேரை வைத்து 10 வாரம் நடத்திய ஆய்வு 1994-இல் வெளியானது. சராசரி வயது 87. எடைப் பயிற்சி செய்தவர்களின் வலு 113% கூடியது, செய்யாதவர்களுக்கு 3%. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை. 'அது வெறும் சத்து பானம், தசை வளர்ச்சியைத் தூண்டும் அமினோ அமிலமான லியூசின் இல்லையே' எனலாம். நெதர்லாந்தில் ஆரோக்கியமான முதிய ஆண்களுக்கு வேளைக்கு 2.5 கிராம் வீதம் மூன்று வேளையும் லியூசினே கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்தும் தசையும் கூடவில்லை, வலுவும் கூடவில்லை. காரணம் புரியாததல்ல. பயிற்சியின் முதல் வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு, நரம்பு அதிகத் தசை இழைகளை வேலைக்கு இழுப்பதால் வருவது. அதை எந்தப் பவுடரும் செய்யாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது, கிடைத்த பலனைத் தக்கவைப்பதுதான். குடித்த அமினோ அமிலம் ரத்தத்தில் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும்; அதில் நாளைக்கென்று சேமிப்பு கிடையாது. பயிற்சியில் நிலைமை வேறு. அமெரிக்க ஆய்வு ஒன்றில் 60 முதல் 75 வயதுக்காரர்கள் வாரம் மூன்று நாள் வீதம் 16 வாரம் செய்துவிட்டு, பிறகு வாரம் ஒரே நாளாகக் குறைத்தார்கள். அடுத்த 32 வாரமும் வலு பெரும்பாலும் தங்கியது. தசையின் பருமன் மட்டும் சரிந்தது. ஆக, பேரன் கல்யாணம், ஊர்ப் பயணம் என்று தடைபட்டாலும் வாரம் ஒரு நாள் பிடித்துக்கொண்டால் போதும். நாளைக் குறைக்கலாம், எடையைக் குறைக்கக் கூடாது.

செய்முறை: ஏறக்குறைய 45 செ.மீ. உயர நாற்காலி, சுவரை ஒட்டிப் போட்டது. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும். ஒன்று எண்ணி எழுந்து, மூன்று எண்ணி உட்கார வேண்டும். முடியாவிட்டால் போர்வையை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்தி, வாரத்துக்கு ஒரு மடிப்பாகக் குறையுங்கள். பிறகு உட்கார்ந்தபடி அரைக் கிலோ கஃப் கட்டி முழங்காலை நீட்டுவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, வாரம் இரண்டு நாள்.

பெரும்பாலும் கெடுவது எங்கே என்றால், ஆறு மாதமும் அதே அரைக் கிலோ. கடைசி இரண்டு தடவை திணற வேண்டும். 12 சுலபமாகிவிட்டால் அரைக் கிலோ ஏற்ற வேண்டும். மூச்சைப் பிடித்துத் தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும், எழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். 'தினம் நடக்கிறேனே' என்பார்கள். நல்லதுதான், ஆனால் சமதள நடை தொடைக்குப் போதுமான சுமை தராது.

கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் ஆசியத் தசைத்தேய்வு நிபுணர் குழுவின் 2019 வரையறைப்படி அது எச்சரிக்கை. மாதம் ஒரு தடவை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

பவுடர் எங்கே உதவும்? தோக்கியோவில் தசை தேய்ந்த 75 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு லியூசின் மிகுந்த அமினோ அமிலம் 3 கிராம் வீதம் தினம் இரு தடவை கொடுத்தார்கள். முழங்கால் வலு தெளிவாகக் கூடியது பயிற்சியும் பவுடரும் சேர்ந்த குழுவில்தான். இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வேளைக்கு 25–30 கிராம் புரதம் முதியவர்களுக்கு நல்ல இலக்கு. மூன்று இட்லி, சட்னியில் அதில் கால்பங்கு வந்தாலே அதிகம். ஒரு முட்டை 6 கிராம். முட்டை, பால், பனீர், மீன் என்று நிரவ முடிகிறவருக்கு டப்பா தேவையில்லை. பல் இல்லை, பசி இல்லை, நாலு வாய்க்கு மேல் இறங்காது என்பவருக்குச் கொஞ்சம் குடித்தாலே வேலை செய்யும் பவுடர் பொருந்தும். அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவருக்கும் அப்படியே, ஆனால் அங்கே ஆய்வுகள் சிறியவை.

வாங்கினால் பி.சி.ஏ.ஏ. (BCAA) என்று எழுதிய டப்பா வேண்டாம். அதில் இருப்பது உடம்பால் தயாரிக்க முடியாத ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களில் மூன்றுதான். ஒன்பதும் உள்ளது அல்லது பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரதம் வாங்குங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) கூடியிருந்தால் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். பார்க்கின்சனுக்கு லெவோடோபா எடுப்பவர்கள் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கவே கூடாது. குடலிலும் மூளை வாசலிலும் இரண்டும் ஒரே வழிக்குப் போட்டியிடும், மாத்திரை வேலை செய்யாமல் உடம்பு இறுகிப்போகும். எவ்வளவு இடைவெளி என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு, டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.