"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் போன் போட்டு, "என்னைக் கேட்காமல் ஃபார்மட் பண்ண வேண்டாம், கழற்றிய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் வந்து படியுங்கள்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆறு வருடமாகச் சேர்த்த சொற்பட்டியல் என் மடிக்கணினியில் இருந்தது. என்னைத் தடுமாற வைத்த ஒவ்வொரு சொல்லும், அதற்கு நான் தேடிப் பிடித்த தமிழ்ச் சொல்லும், எந்த இடத்தில் அது பொருந்தியது என்ற குறிப்பும் அதில் இருக்கும். கூடவே பாதி முடிந்த ஒரு புத்தகம். கடைசியாக வேறிடத்தில் பிரதி எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் காலை கணினியைப் போட்டால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" (விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ஃபைலைக் காணவில்லை) என்று ஒரு வரி. அதன் கீழே, கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி மறுபடி தொடங்கச் சொல்லி இன்னொரு வரி. அழுத்தினால் திரும்பவும் அதே திரை.

பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். ஆன் செய்தார், அந்த வரியைப் பார்த்தார், மூடிவிட்டார். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு மேடம், புதுசுதான் போடணும்." உள்ளே இருக்கும் ஃபைல்களை எடுக்க முடியாதா என்று கேட்டேன். "செத்த டிஸ்க்ல இருந்து என்னத்த எடுக்கிறது?" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரண்டு நாள் கழித்துக் கணினி திரும்பி வந்தது. பில்லில் "ஹார்ட் டிஸ்க் 1" என்று மட்டும் எழுதியிருந்தார். தயாரிப்பாளர் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை. பழைய டிஸ்க்கைக் கேட்டபோது, "அது எதுக்கு மேடம், குப்பைதானே" என்றார். என் வேலை மொத்தமும் அதில் இருக்கிறது, செத்திருந்தாலும் என் கையில் கொடுங்கள் என்று அங்கேயே நின்றேன். அரை மணி நேரம் கழித்து, மனசே இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். அப்படி நிற்காமல் போயிருந்தால் எனக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது.

அந்த வாரக் கடைசியில் ஒரு தோழி, விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான உபுண்டு பதிந்த ஒரு டிவிடியோடு வந்தாள். கணினி எப்போதும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இப்படிப்பட்ட டிவிடியிலிருந்து தொடங்கினால் இயங்குதளம் நினைவகத்திலேயே ஓடும். நாமாக எதையும் எழுதாத வரை ஹார்ட் டிஸ்க் இருந்தபடியே இருக்கும். இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. சிடியிலிருந்து கணினியைத் தொடங்குவதற்கான 'எல் டொரிட்டோ' வரையறை வந்தது 1995-இல். க்ளவுஸ் க்னாப்பர் உருவாக்கிய, சிடியிலிருந்தே ஓடும் 'நாப்பிக்ஸ்' இயங்குதளம் 2000-இலிருந்தே இருக்கிறது. இதை வைத்துத் தொழில் செய்பவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அடி மூடியின் திருகுகளைக் கழற்றி, பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினாள். ஆன் செய்த உடனே எஃப்12 விசையை விட்டுவிட்டுத் தட்டினாள். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது, டிவிடியைத் தேர்ந்தெடுத்தாள். டிரைவ் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுத் திரை வர நாலைந்து நிமிடம் பிடித்தது. நிறுவவா, நிறுவாமல் பார்க்கவா என்று கேட்டபோது இரண்டாவதை அழுத்தினாள். ஃபைல்களைக் காட்டும் ஜன்னலில் இடப்பக்கம் என் டிஸ்க் தெரிந்தது. திறந்தாள். யூசர்ஸ், அதற்குள் என் பெயர், அதற்குள் டாக்குமெண்ட்ஸ். சொற்பட்டியல் அங்கேயே இருந்தது, கடைசி நாள் இரவு நான் சேர்த்த சொல்வரை. அழுதுவிட்டேன்.

முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்தோம். அப்புறம் அதே டிவிடியில் இருந்த 'டிஸ்க்ஸ்' செயலியில் 'ஸ்மார்ட்' விவரங்களைப் பார்த்தோம். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு அது. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்): பூஜ்யம். டிஸ்க்குக்கு ஒன்றுமே இல்லை. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ஃபைல்தான் கெட்டிருந்தது. விண்டோஸ் டிவிடியிலிருந்து 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஓட்டினாள். கால் மணி நேரத்தில் பழையபடி தொடங்கிவிட்டது.

தோழி சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்ற அந்த வரியே ஹார்ட் டிஸ்க்கில்தான் எழுதப்பட்டிருக்கிறதாம், பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியின், தொடக்கத்தில். அது திரைக்கு வந்ததென்றால் கணினி டிஸ்க்கைப் படித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் அவர் டிஸ்க் செத்துவிட்டது என்றார்.

சரி, அந்தப் 'புது' டிஸ்க்கையும் பார்த்துவிடலாம் என்று அதை மாட்டி, திரும்பவும் உபுண்டு டிவிடியிலிருந்து தொடங்கினோம். இதுவரை ஓடிய நேரம் 14,212 மணி என்று காட்டியது. இடைவிடாமல் ஓடினாலும் ஒரு வருடத்துக்கு 8,760 மணிதான்.

நீங்களும் இப்படிச் செய்து பார்ப்பதாக இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது நிஜமாகவே கெடுகிறது, ஓட ஓட இன்னும் கெடும். சத்தம் எதுவும் இல்லையென்றால் பார்க்கலாம், ஆனால் அதை வைத்து மட்டும் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. முதலில் ஃபைல்களை நகலெடுத்துவிடுங்கள். உபுண்டு இணையத்தில் ஐஎஸ்ஓ என்ற ஒரே ஃபைலாகக் கிடைக்கும். இறக்கிய அந்த ஃபைலை டிவிடியில் சும்மா காப்பி செய்தால் கணினி அதிலிருந்து தொடங்காது, 'இமேஜ்' ஆகத்தான் பதிய வேண்டும். டிவிடி டிரைவ் இல்லையென்றாலோ, ஃபைல் டிவிடியில் அடங்காவிட்டாலோ ரூஃபஸ் போன்ற செயலியால் பென் டிரைவில் பதியலாம். எந்த விசை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் எல்லாம் உண்டு. 'நிறுவு' என்பதை மட்டும் தொட்டுவிடாதீர்கள், அதில் ஒரு தவறான அழுத்தல் எல்லாவற்றையும் அழித்துவிடும். டிஸ்க்கை மறைகுறியாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் எதையும் படிக்க முடியாது. அந்த எண்ணை இப்போதே தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மணிக்கணக்கு காட்டிய திரையைப் படம் எடுத்துக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போனேன். "எங்களுக்கே அப்படித்தான் மேடம் வந்துச்சு" என்றார். நான் நகரவில்லை. கடைசியில் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு அதன் விலையைத் திருப்பித் தந்தார். மாற்றிய கூலியை இன்னும் தரவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.