அட்டனில் ஒரு நாள் வேட்பாளர் பயிற்சி: போகலாமா?

பிரதேச சபைக்குப் போட்டியிட விரும்பும் பெண்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் இலங்கை மலையகத்தில், அட்டனில் நடத்திய ஒரு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். கட்டணம் இல்லை, பஸ் காசும் கையில் தந்தார்கள். சாப்பாடு சுமார்தான், பருப்பில் உப்பே இல்லை.

காலைப் பகுதி அருமை. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது எனக்குத் தெரியும், ஆனால் வட்டாரங்களில் நேரடியாக நிற்கும் வேட்பாளர்களில் 10 வீதம் பெண்களைப் போட்டாலே கட்சிக்குப் போதும், தேர்தலுக்குப் பிறகு கட்சி ஆள் எடுக்கும் மேலதிகப் பட்டியலில்தான் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது பயிற்றுநர் பலகையில் இரண்டு கட்டம் போட்டுக் காட்டியபோதுதான் புரிந்தது. பக்கத்தில் இருந்த அக்கா, விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, "அப்போ நம்ம பேரு கடைசி வரைக்கும் கட்சிக்காரங்க பையிலதான் கெடக்குமா?" என்று கேட்டார். பயிற்றுநர் மழுப்பவில்லை, பெரும்பாலும் அப்படித்தான் என்றார்.

பின்னேரம் ஒரே இழுவை. மேடைப் பேச்சு, மேடைப் பேச்சு, அதுவே. 2024இல் அம்பிகா சாமுவேலும் கிருஷ்ணன் கலைச்செல்வியும் மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் போனதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அட, அதைக் கேட்கத்தானே வந்தோம்!

பெரிய குறை, வேலை நாளில் வைத்தது. தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், பஸ் காசு அதற்கு ஈடாகாது. பிள்ளைகளை விட இடமும் இல்லை. ஐந்துக்கு மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் சொல்லுங்கள், எங்கள் லயத்திலிருந்தே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.