சென்னை – டொரொண்டோ 16 மணி 45 நிமிஷமாம்: 1,34,600 ரூபாய் போச்சு

முந்தாநாள் ராத்திரி என் அம்மா, 67 வயசு, முட்டிவலிக்காரங்க, டெல்லி ஏர்போர்ட் நாற்காலியில உட்கார்ந்தே விடிய வச்சாங்க. டொரொண்டோவுல இருக்கிற அக்கா பிரசவத்துக்குக் கிளம்பினவங்க. கை நடுங்க எழுதறேன்.

ரெண்டு ஏர்போர்ட் பேரைப் போட்டா தூரமும் நேரமும் காட்டி, கீழேயே டிக்கெட்டும் விக்கிற ஒரு இணையதளம். சென்னை – டொரொண்டோ 13,400 கி.மீ., 16 மணி 45 நிமிஷம்னு காட்டுச்சு. நேரடி விமானமே இல்லாத ஊருக்கு இந்த நேரம் எங்கிருந்து வந்துச்சு? விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும்னு வச்சு 13,400ஐ 800ஆல வகுத்திருக்கான், அவ்வளவுதான். அந்த நேர்கோடு ரஷ்யா மேலே போகுது. 2022லிருந்து கனடா விமானங்களுக்கு அந்த வானம் கிடையாது. 2025 ஏப்ரல்லிருந்து நம்ம விமானங்களுக்குப் பாகிஸ்தான் வானமும் இல்ல, சுத்தித்தான் போகணும். இதெல்லாம் இப்பதான் தேடிப் படிக்கிறேன். அன்னைக்கு, இவ்வளவு கணக்கா சொல்றவங்க ஏமாத்த மாட்டாங்கன்னு நம்பினேன்.

அஞ்சே நிமிஷத்துல அந்தத் தளத்துலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். "அண்ணா, அம்மா தனியாவா போறாங்க? கவலைய விடுங்க, வீல்சேர் போட்டுடறேன், டெல்லியில மாறினா போதும். எங்கம்மாவா இருந்தாலும் இதைத்தான் போடுவேன்." அந்தக் கடைசி வார்த்தையிலதான் விழுந்தேன். போக வர 1,34,600 ரூபாய், அப்பவே ஜிபே பண்ணிட்டேன்.

வந்தது தனித்தனியா ரெண்டு டிக்கெட், ரெண்டு பிஎன்ஆர், அதாவது ரெண்டு முன்பதிவு எண். சென்னை கவுன்டர்லயே, உள்நாட்டு டிக்கெட்டுக்கு 15 கிலோதான்னு சொல்லி, அம்மா கொண்டுபோன 40 கிலோவுக்குத் தனியா பணம் கட்ட வச்சாங்க. விமானம் மூணு மணி நேரம் லேட். டெல்லியில இறங்கினது டெர்மினல் 1, டொரொண்டோ விமானம் டெர்மினல் 3. பெட்டியை எடுத்து, டாக்சி பிடிச்சு அம்மா போய்ச் சேர்றதுக்குள்ள கவுன்டர் மூடியாச்சு. ஒரே டிக்கெட்டா இருந்தா அடுத்த விமானத்துல ஏத்த வேண்டியது ஏர்லைன்ஸ் பொறுப்பு. இது 'நோ ஷோ', பயணி வரவே இல்லன்னு கணக்கு. திரும்பி வர்ற டிக்கெட்டும் சேர்ந்தே ரத்து.

அந்தப் பையனுக்கு அடிச்சா, "டிக்கெட்டிங் டீம்ல கேட்டுச் சொல்றேன் சார்." அண்ணாவா இருந்தவன் ஒரே ராத்திரியில 'சார்' ஆயிட்டேன். அப்புறம் "ஏர்லைன்ஸ்கிட்ட கேளுங்க." ஏர்லைன்ஸ் "ஏஜென்ட்கிட்ட கேளுங்க." மறுநாள் ஒரு பொண்ணு, "கண்டிஷன்ல போட்டிருக்கே சார், வரி மட்டும் திரும்ப வரும், 45 வேலை நாள் ஆகும்." சாயங்காலம் வாட்ஸ்அப்ல பிளாக். 1,34,600 ரூபாய்! அக்காவுக்கு நாள் நெருங்கிடுச்சு, கடன் வாங்கிப் புது டிக்கெட் போட்டிருக்கேன்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியல. பணம் கட்டறதுக்கு முன்னாடி பிஎன்ஆர் ஒண்ணா ரெண்டான்னு எழுத்துல வாங்குங்க. பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமான்னு கேளுங்க. எந்த டெர்மினல்னு பாருங்க. கிலோமீட்டர் கணக்கு காட்டற நேரத்தை நம்பவே நம்பாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் கொடுத்திருக்கேன். அம்மா டெல்லியிலிருந்து கூப்பிடறாங்க, எடுக்கணும்.