வீவ்டயல்: மோடெமின் உரையாடலை உள்ளபடி காட்டும் லினக்ஸ் நிரல்

லினக்ஸில் டயல்-அப் (தொலைபேசிக் கம்பி வழியான இணைய) இணைப்புக்கு வீவ்டயலையே நான் பரிந்துரைப்பேன். மோடெமுடன் நடக்கும் உரையாடலை அது திரையில் வரிவரியாகக் காட்டுவதால், தடங்கல் எங்கே என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் 'கனெக்ட் 115200' என்ற வரியை நம்பிவிடக் கூடாது. அது கணினிக்கும் மோடெமுக்கும் இடையிலுள்ள சீரியல் போர்ட்டின் வேகமே தவிர, தொலைபேசி இணைப்பின் வேகம் அன்று. அமைப்புக் கோப்பிலுள்ள தொடக்கக் கட்டளையில் 'டபிள்யூ2' (W2) சேர்த்தால், பல மோடெம்கள் 'கனெக்ட் 44000' (விநாடிக்கு 44,000 பிட்) என்பதுபோல் உண்மை வேகத்தைச் சொல்லிவிடும். அதற்காகப் போர்ட்டின் வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள். மோடெம் தரவைச் சுருக்கி அனுப்புவதன் பலன் கிடைக்காமல் போகும். வி.90 என்ற தரநிலையில் இயங்கும் மோடெமிலும் பதிவேற்றம் விநாடிக்கு 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. மோடெமைத் தானே கண்டறியும், வீவ்டயலின் துணை நிரல் அருமையானது. எனினும், உரிய டிரைவர் இல்லாத வின்மோடெம்கள் (தம் வேலையின் பெரும்பகுதியைக் கணினியின் மென்பொருளிடம் விட்டுவிடும் மோடெம்கள்) அதன் கண்ணில் படுவதே இல்லை.