ஓவர்ஹால் என்று சொன்னார்கள், லாக்புக்கில் அந்தச் சொல்லே இல்லை: ஃபிளையிங் கிளப் நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் கிளப்பின் 35,700 டாலர் போன விதத்தை எழுதுகிறேன். பணம் கட்டிய காசோலை எல்லாவற்றிலும் இருப்பது என் கையெழுத்து. வக்கீல் நோட்டீஸ் இன்னும் நிலுவையில் இருப்பதால் அந்த என்ஜின் கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நடந்த விதம் தெரிந்தால் போதும். அமெரிக்காவில் விமானப் பங்கு வைத்திருக்கும் நம்மவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது தப்பிக்கட்டும்.

இந்த ஏற்பாடு தெரியாதவர்களுக்கு: ஊரில் பங்குக் கிணறு பார்த்திருப்பீர்கள். நாலு வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஆளுக்கு ஒரு முறை. மோட்டார் எரிந்தால் எல்லோரும் பங்கு போட்டுக் காயில் கட்டுவார்கள். எங்கள் கிளப்பும் அப்படித்தான். டல்லாஸுக்கு வடக்கே ஒரு சின்ன விமான நிலையம், 14 பேர், 1978-ஆம் வருடத்து செஸ்னா 172என் ஒன்று. மாதச் சந்தா ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போகும். பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெட்ரோல் போக 15 டாலர் என்ஜின் நிதிக்கு எடுத்து வைப்போம். விமானத்தில் உள்ள லைகமிங் ஓ-320-ஹெச்2ஏடி என்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் (முழுக்கப் பிரித்துச் சரிசெய்து பூட்டுவது) கணக்கு 2,000 மணி நேரம். ஆக, ஒரு என்ஜின் தேய்ந்து முடியும்போது அடுத்ததற்கு 30,000 டாலர் சேர்ந்திருக்க வேண்டும். பதினைந்து பதினைந்தாகச் சேர்த்த பணம் அது.

2022 டிசம்பரில் எங்கள் மெக்கானிக் ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வழக்கம்போல அறுத்துப் பார்த்தார். உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து டார்ச் அடித்தால் மினுமினுவென்று தூள். காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. இரும்பு. லைகமிங் என்ஜின்களில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் சுழல்தண்டு) மேலே இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் அதன்மேல் உள்ள ஆயில் வடிந்துவிடும், துரு பிடிக்கும். அப்புறம் ஓட்டும்போது கேமும் (அந்தத் தண்டின் புடைப்பு முனை) அதன்மேல் உரசி வால்வைத் தள்ள உதவும் டேப்பெட்டும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். இந்த ஹெச்2ஏடி மாடல் அந்த வியாதிக்குப் பேர்போனது. ஒரு நல்ல விஷயம், மற்ற லைகமிங்குகள் போல என்ஜினை இரண்டாகப் பிளக்காமலேயே இதில் டேப்பெட்டை வெளியே எடுத்துவிடலாம். இரண்டை எடுத்தார். ஒன்றின் முகத்தில் பிறை மாதிரி ஒரு குழி, அதன் பக்கத்திலேயே நீளமாக ஒரு கீறல். போனில் படம் எடுத்து வைத்தேன். எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை.

என்ஜின் 2,040 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. ஓவர்ஹால் செய்வது என்று கூட்டத்தில் முடிவானது. இரண்டு கடைகள் 39,000, 41,000 என்று சொல்லி ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்றாவது கடை வேறு மாநிலத்தில். 31,500 டாலர், 12 வாரம். போனில் பேசியவர் மரியாதையாகப் பேசினார், இந்த மாடலின் வரலாறெல்லாம் தெரிந்திருந்தது. "ஃபுல் ஓவர்ஹால்தானே?" என்று நான் கேட்டேன். "ஆமாம், வேறென்ன?" என்றார். அவர் அனுப்பிய மெயிலில் "பேசியபடி என்ஜின் வேலை" என்று ஒரு வரி, கீழே தொகை. அவ்வளவுதான். வீடு வாடகைக்கு எடுக்க 30 பக்க ஒப்பந்தத்தைப் படிக்கிற நான் அந்த ஒரு வரியை நம்பி 15,750 டாலர் முன்பணம் அனுப்பினேன்.

ஜனவரி 2023-இல் என்ஜின் போனது. பத்தாவது வாரம் போன் வந்தது: கிராங்க்ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் முக்கியத் தண்டு) சோதனையில் தேறவில்லை, வேறு போட வேண்டும், இன்னும் 4,200 டாலர். சோதனை அறிக்கை கேட்டேன், அனுப்புகிறோம் என்றார்கள். பழைய கிராங்க்கைத் திருப்பிக் கேட்டேன், ஸ்கிராப்பில் போட்டாயிற்று என்றார்கள். நம்முடைய பாகத்தை நம்மைக் கேட்காமல் ஸ்கிராப்பில் போட்டேன் என்று சொல்கிற கடையில் அடுத்த டாலரை வைக்கக் கூடாது. நான் வைத்தேன். அறிக்கை இன்றுவரை வரவில்லை.

ஏப்ரலில் வர வேண்டியது அக்டோபர் கடைசியில் வந்தது. அதுவரை ஹேங்கர் வாடகையும் இன்ஷூரன்ஸும் நிற்கவில்லை. என்ஜின் இல்லாத செஸ்னாவுக்கு மூக்கில் எடை இல்லாமல் வால் தரையில் சாயும், அடியில் முட்டுக்கட்டை கொடுத்து வைத்திருந்தோம். மாதம் ஒருமுறை அதைப் பார்க்கவே வருகிற 71 வயது உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். 40 வருடமாகப் பறப்பவர். "நான் இனி எத்தனை கோடைகாலம் பறப்பேன் என்று தெரியாது, ஒன்றை இப்படி விட்டுவிட்டேன்" என்று ஜூலையில் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று பேர் பங்கை விற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பறக்காத விமானத்தின் பங்கை யார் வாங்குவார்?

மீதித் தொகை முழுவதும் கட்டினால்தான் என்ஜினை லாரியில் ஏற்றுவோம் என்றார்கள். முன்பணத்தையும் சேர்த்து நிதியில் இருந்தது 33,000. ஆளுக்கு 200 டாலர் வசூலித்துக் கட்டினேன்.

நவம்பரில் மாட்டினோம். பிப்ரவரிக்குள் 22 மணி நேரம் ஓடியது. அந்த 22 மணி நேரத்தில் இரண்டு முறை என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பறந்திருக்கிறேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஒற்றை என்ஜின் விமானம் அது. நின்றால் கீழே வயல் தேட வேண்டியதுதான்.

வருடாந்திரச் சோதனைக்கு வந்தபோது, சோதித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள இன்ஸ்பெக்டர், என்ஜினுக்குச் செய்த வேலையெல்லாம் பதிவாகும் லாக்புக்கைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "ஓவர்ஹால் என்ட்ரி எங்கே?" இதோ என்று காட்டினேன். அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிரித்தது, சுத்தம் செய்தது, பரிசோதித்தது, தேவையான இடத்தில் ரிப்பேர் செய்தது, திரும்பப் பூட்டியது. அவ்வளவுதான். ஓவர்ஹால் என்ற சொல் எங்கேயும் இல்லை. சோதனை ஓட்டம் செய்ததாகவும் இல்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி 43.2 இதைப் பற்றித்தான் பேசுகிறது. பிரித்து, சுத்தம் செய்து, பரிசோதித்து, தேவையானதைச் சரிசெய்து, பூட்டி, அங்கீகரிக்கப்பட்ட அளவுகோலின்படி சோதித்தும் பார்த்தால்தான் ஓவர்ஹால் என்று லாக்புக்கில் எழுதலாம். இல்லாததை எழுதினால் எழுதியவரின் லைசென்ஸுக்கு ஆபத்து. அதனால் போனில் தாராளமாகச் சொல்வார்கள், எழுதும்போது மட்டும் கவனமாக இருப்பார்கள். கணக்குப்படி எங்கள் என்ஜின் புதுப்பிக்கப்படவே இல்லை. பழைய 2,040-இன் மேல் இன்னும் 22, அவ்வளவுதான்.

அன்றே ஃபில்டரை அறுத்தோம். மறுபடியும் அதே மினுமினுப்பு. புதிதாகப் பிரித்துப் பூட்டிய என்ஜினில் முதலில் கொஞ்சம் தூள் வருவது சகஜம்தான், கடைக்காரரும் போனில் அதைத்தான் சொன்னார். ஆனால் இது காந்தத்தில் கொத்தாக ஒட்டியது. மெக்கானிக் டேப்பெட்டை எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. கிளப்பில் என்னோடு இருக்கும் மதுரைக்காரத் தம்பிதான் என் போனை வாங்கிப் பழைய படத்தைத் தேடி எடுத்து, "அண்ணே, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க" என்றான். அதே பிறை, கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பக்கத்தில் அதே நீளக் கீறல். பதினான்கு மாதத்துக்கு முன் நாங்களே கெட்டுப்போனது என்று கழற்றிய டேப்பெட்டைத் துடைத்துத் திரும்பப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் அதிலும் இருக்கிறது: "கேம், டேப்பெட்: பரிசோதித்தது, உபயோகிக்கத் தக்கது."

கடைக்கு எழுதினோம். முதலில், இந்த என்ஜினுக்குக் கட்டாயமான எல்.டபிள்யூ-16702 ஆயில் சேர்க்கையை நீங்கள் ஊற்றவில்லை, அதனால் தேய்ந்தது என்றார்கள். ஆயில் மாற்றிய ஒவ்வொரு தேதிக்கும் எங்களிடம் பதிவு இருந்தது, அனுப்பினோம். அப்புறம், நீங்கள் புது கேம் கேட்கவில்லையே என்றார்கள். இரண்டு படத்தையும் அனுப்பிய பிறகு பதிலே இல்லை. வக்கீல் சொன்னது இதுதான்: ஓவர்ஹால் என்று ஒப்புக்கொண்டதற்குக் காகிதம் இருந்திருந்தால் கதையே வேறு.

ஆகவே என்ஜின் அனுப்பப் போகிறவர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன். வேலை உத்தரவை நீங்களே எழுதுங்கள், அவர்கள் கையெழுத்துப் போடட்டும். ஓவர்ஹால் என்ற சொல் அதில் இருக்க வேண்டும். பாகங்களைப் புதிய பாகத்தின் அளவுக்குக் கொண்டுவருவார்களா, அல்லது தேய்ந்தாலும் ஓடலாம் என்று அனுமதிக்கும் சர்வீஸ் எல்லைக்குள் இருந்தால் விட்டுவிடுவார்களா என்பதும் இருக்க வேண்டும். இரண்டுக்குமே ஓவர்ஹால் என்றுதான் பெயர், ஆயுளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கேமை மாற்றினால் டேப்பெட்டும் சேர்த்துப் புதிது என்று தனியாக எழுதுங்கள். கழித்த பாகம் ஒவ்வொன்றும் பெட்டியில் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும், மாற்றிய பாகத்துக்கு அதன் சான்றுச் சீட்டு வர வேண்டும். லாக்புக் என்ட்ரியின் நகலையும் சோதனை ஓட்டத்தின் தாளையும் மெயிலில் வாங்கி, உங்கள் இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டுக் கடைசித் தவணையை அனுப்புங்கள். "ஜீரோ டைம்" ஆக்கித் தருகிறேன் என்று வெளிக்கடைக்காரர் யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கும் உரிமை தயாரிப்பாளருக்கும் அவர் அனுமதி பெற்ற நிறுவனத்துக்கும்தான் உண்டு. அனுப்பும் முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். எங்களுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்தப் படம்தான்.

கிளப் விதியையும் மாற்றிவிட்டோம். 2,000 டாலருக்கு மேல் போகிற எதற்கும் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று விமானப் பராமரிப்பைப் பார்ப்பவருடையது. சட்டப்படி விமானம் பறக்கத் தகுதியாக இருப்பதற்கு முதல் பொறுப்பு உரிமையாளருடையது. எங்கள் விஷயத்தில் அது 14 பேர், ஆனால் காகிதத்தைப் படித்தது நான் ஒருவன்தான், அதுவும் சரியாகப் படிக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது என்ஜின், முதலில் 41,000 கேட்டாரே, அவரிடம் இருக்கிறது. ஆளுக்கு 2,900 டாலர் போட்டோம். வாலுக்கு மறுபடியும் முட்டுக்கட்டை. நேற்று ராத்திரி பிரித்த கேம்ஷாஃப்டின் படத்தை அனுப்பியிருந்தார். மூன்று முனைகள் மழுங்கிப் போயிருந்தன. 71 வயதுக்காரருக்கு அதை அனுப்பினேன். "ஜூனில் வந்துவிடுமா?" என்று மட்டும் கேட்டார்.